ஸ்பீக்கரில் போடு

"போனை எடு. அம்மாவுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்கிறார் சுப்பராமன். பெசன்ட் நகர் கடற்கரையில் பொழுது சாயும் நேரம். படகு மறைவில் உட்கார்ந்திருந்த ஜோடி எழுந்து மணலைத் தட்டிக்கொள்கிறது. முதலில் விசில், அப்புறம் டார்ச், கடைசியில் இந்தப் போன். அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். பெண்ணைப் பெற்றவள் மறுமுனையில் அழுவதைச் சுண்டல் வாங்க வந்தவர்களெல்லாம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

வார்டு தேர்தலில் நின்று தோற்றவர். அடுத்த முறையும் நிற்பார். அதுவரைக்கும் பண்பாட்டுக் காவல் மன்றத்தின் தலைவர். கசங்காத வெள்ளைச் சட்டை. மணல் ஒட்டக் கூடாதென்று செருப்புக்குள் சாக்ஸ். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "பொண்ணை வளர்க்கத் தெரியலேன்னா பெத்துக்காதேங்கோ" என்பார். கைதட்டுவார்கள்.

விசிலை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் இளநீர் குடிப்பார். ஒருநாள் அதற்குள் கருவாட்டுத்தூள் போட்டு வைத்தேன். ஊதினார், முகர்ந்தார், கடலையே சந்தேகமாகப் பார்த்தார்.

போன மாதம் எங்கள் குப்பத்து ஜான்சியக்கா அவரிடம் மாட்டிக்கொண்டாள். மீன்கூடை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் அம்மா தேசம்மா போனை எடுத்தாள். "ஒங்க பொண்ணு இங்கே எவனோட ஒக்காந்திண்டிருக்கா தெரியுமா?" சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது, போனிலேயே கேட்டிருக்கும். மறுநாள் நர்சிங் வகுப்பு நின்றது. வரும் திங்கட்கிழமை பரீட்சை. அக்காவை வாசல்படி தாண்ட விடவில்லை.

அதிலிருந்து அவர் பின்னாலேயே சுற்றினேன். ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. வரிசையின் கடைசியில் உடைந்த நீலப் படகு ஒன்று கிடக்கிறது. அதை நெருங்கும்போது மட்டும் டார்ச் அணையும், ஆள் திரும்பிவிடுவார்.

"பாட்டில் கீதுடா அங்க" என்றான் கூட்டாளி மெஹபூப்.

நேற்று போய்ப் பார்த்தேன். பாட்டில் இல்லை. மன்றக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும் மஹதி, அவருடைய சொந்த மகள், ஒரு பையன் தோளில் சாய்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் காரம் ஆகாது போல. ஒவ்வொரு கீற்றிலும் மிளகாய்த்தூளைத் தட்டித் தட்டிக் கொடுத்தான் அவன். என் பையிலும் ஒரு விசில் இருந்தது. ஊதத் தோன்றவில்லை.

இன்று அவர் திரும்புகிற இடத்தில் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னா மாமா, அந்தப் படகாண்ட டார்ச் அட்க்கல?"

"அங்கே யாரும் இல்லடா."

"மாங்கா வாசன வருதே மாமா."

வாய்க்குக் கொண்டுபோன விசில் நழுவி மார்பில் தொங்கியது.

"நோக்கு என்னடா வேணும்?" குரல் இறங்கியிருந்தது.

"தேசம்மா அத்தைக்கு ஒரு போன் போடு மாமா. நாந்தான் தப்பு பண்ணிட்டேன், பொண்ண பரீச்சைக்கு அனுப்புன்னு சொல்லு. அவ்ளோதான்."

நீலப் படகை ஒருமுறை பார்த்தார். நம்பரை நான் சொல்லச் சொல்ல அழுத்தினார். பழக்க தோஷம், விரல் ஸ்பீக்கரையும் சேர்த்தே அழுத்திவிட்டது.

"யார்பா அது?" தேசம்மாவின் குரல் மணல்வெளி முழுக்கக் கேட்டது. சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

சுப்பராமன் பதறி ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாக்ஸ் நனைவதுகூடத் தெரியாமல் அலைப் பக்கமாக நடந்தார்.