வெறும் வயிற்றோடு போடிமெட்டுக்கு

போடியில் எங்களை ஏற்றிய ஜீப்பு டிரைவர் நரைத்த மீசைக்காரர். கிளம்புமுன் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்துகொள்ளச் சொன்னார்.

"இங்க ஓட்டல்ல சாப்பிட்டுறாதீங்க சார், வளைவுல வாந்தி வரும். போடிமெட்டுல சூடா புட்டும் கடலையும் கிடைக்கும்."

சர்க்கரை மாத்திரை போட்டிருந்த அம்மாவும் அதை நம்பினாள்.

மேலே, கேரள எல்லையில், கடைகள் பூட்டிக் கிடந்தன. கேரளத்தில் அன்று ஹர்த்தால். அம்மாவின் கை நடுங்கியது.

"ஹர்த்தால்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றேன்.

"நேத்தே தெரியும். சொன்னா ஏறியிருப்பீங்களா?" என்றவர், தன் இட்லிப் பொட்டலத்தை எடுத்து அம்மா மடியில் வைத்தார்.

அந்த இட்லிக்காக அவரை மன்னித்துவிட்டேன். ஆனால் நாலு இட்லி சாப்பிட்ட அம்மாவுக்கு, இறங்கும்போது அதே வளைவுகளில் வாந்தி வரவே இல்லை. காலையில் ஓட்டலுக்குள் போயிருந்தால் ஹர்த்தாலை யாராவது சொல்லியிருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.