கொண்டைக்கடலைக்கு வைத்த பூட்டு

எங்கள் மயிலாப்பூர் அப்பார்ட்மென்ட் கொலுவுக்கு எந்த வீடு, எந்த நாள், என்ன சுண்டல் என்று அவரவரே எழுத, காலையில் ஒரு கூகுள் ஷீட் போட்டு குரூப்பில் அனுப்பினேன்.

போன வருஷம் ஒன்பது நாளில் ஆறு நாள் கொண்டைக்கடலை. அதனால் ஒரே சுண்டலை இரண்டாம் தடவை எழுதினால் ஏற்காதபடி செட் பண்ணியிருந்தேன்.

மத்தியானம் திறந்தால்:
கொண்டைக்கடலை.
கறுப்புக் கொண்டைக்கடலை.
காரம் கம்மி கொண்டைக்கடலை.
மாங்காய் போட்ட கொண்டைக்கடலை.

கடைசியாக எழுதிய மூன்றாம் மாடி மாமிக்கு போன் பண்ணினேன். "எல்லாம் ஒண்ணுதானே மாமி?"

"அதெப்படி ஒண்ணாகும்? அவாள்லாம் மாங்கா போடமாட்டாளே!"

சரி, நாமாவது மாற்றுவோம் என்று பட்டாணி என எழுதினேன். 'ஏற்கெனவே உள்ளது' என்று ஷீட் தள்ளிவிட்டது. எங்கள் வீட்டுக்காக மனைவி காலையிலேயே எழுதிவிட்டாளாம்.

நான் போட்ட பூட்டில் இதுவரை மாட்டிய ஒரே ஆள் நான்தான். சிரிக்கிறவர்கள் கமென்டில் சிரியுங்கள், ஆனால் அந்த நாலு கொண்டைக்கடலை நாளுக்காவது சாப்பிட வந்துவிடுங்கள்.