குணமணியின் டுரியான் பருவம்

சண்டை வரும் அத்தியாயத்தை எழுதும்போது குணமணி நாகசுர இசைத்தட்டைச் சுழலவிடுவார். காதல் அத்தியாயம் என்றால் வானொலியில் மலாய்ப் பாட்டு. யாராவது சாகப்போகிறார்கள் என்றால் எந்த ஓசையும் கூடாது. டன்லப் ஸ்ட்ரீட்டில் அவருடைய மாடி அறைக்குக் கீழே, அஞ்சடி நடைபாதையில் மீ கோரிங் என்னும் நூடுல்ஸ் வறுவல் கடை போட்டிருக்கும் ஒலி முகம்மது, மேலே அமைதியாகிவிட்டால் உடனே அண்ணாந்து பார்ப்பார்.

"மிஸ், இன்னிக்கி யாரு போறாங்க?"

"பொறுங்கோ, இன்னும் சீவன் கிடக்கு" என்று சன்னலிலிருந்து பதில் வரும்.

நாற்பதைத் தாண்டிய வயது. குட்டையான உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, எப்போதும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தராக வந்தவர். குணமணி பிறந்தது இங்கேதான். ஆனால் வீட்டில் பேசிய பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "ஆரும் என்னோடை கதைச்சு வெல்லேல்லை" என்பார்.

தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று நாள் முழுவதும் குரல்கள் அவர் காதுக்குள் புகுந்து போகின்றன. "நான் ஒருத்தற்றை கதையும் ஒட்டுக்கேக்கிறேல்லை. ஆனா ஹலோ எண்டு சொல்ற விதத்திலேயே ஆளைப் பிடிச்சிடுவன். கடன் கேக்கிற ஹலோ வேறை, பிள்ளை பிறந்த ஹலோ வேறை."

இந்த அறுபத்திரண்டாம் ஆண்டு, முள்ளுத்தோலும் கடும் வாசமும் கொண்ட டுரியான் பழங்களின் பருவம் தொடங்கியதும் அவர் நீண்ட விடுப்பு எடுத்தார். நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுவதும் வெயில்தான். ஆனால் சாலையோரம் டுரியான் குவிந்துவிட்டால் ஊருக்கே விடுமுறை முகம் வந்துவிடுகிறது. குணமணியின் விடுப்புக்குக் காரணம் பழம் அல்ல. பல வருடங்களாக எழுதிவந்த நாவலை இந்தப் பருவத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர் முடிவுசெய்திருந்தார்.

காலையில் காப்பியும், சீனி தொட்டுக்கொள்ள ரொட்டியும். வெயில் சன்னலுக்கு வரும்வரை எழுத்து. பிறகு கீழே இறங்கி, எலுமிச்சை பிழிந்த மீ கோரிங்கை நின்றபடியே சாப்பிடுவார். மாலையில் டுரியான். பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, காம்பை மோந்து, வியாபாரியோடு மலாயில் வாதாடித்தான் வாங்குவார். சாப்பிட்டு முடித்ததும் அதன் ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவுவார். அப்படிச் செய்தால் வாசம் போய்விடும் என்று இங்கே எல்லாரும் நம்புகிறோம். இரவு படுப்பதற்கு முன், தான் எழுதிய உரையாடல்களை வெவ்வேறு குரலில் வாய்விட்டுப் படிப்பார். பக்கத்து அறையில் இருப்பவர்கள் முதலில் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்தார்களாம்.

கதை இதுதான். கணவன் ஊருக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பாமல் இருந்துவிடுகிறான். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண் தேக்கா சந்தையில் இட்லிக்கடை போடுகிறாள். அவளுக்குப் பிரசவம் பார்க்கிறாள் அடுத்த அறைச் சீன மருத்துவச்சி. வருடங்கள் கழித்துக் கணவன் திரும்பி வரும்போது, அவனுக்கு இட்லி வைக்கிறாள். வீட்டுக்கு மட்டும் வழி சொல்ல மறுக்கிறாள்.

உள்ளூரில் இதைப் புத்தகமாகப் போட யாரும் முன்வரவில்லை. "நம்ம ஊர்க் கதைய யாரு வாங்குவா?" என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் கப்பலில் வந்து, ஜாலான் புசாரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். எனக்குத் தெரிந்தவர், நல்ல ரசிகர். குணமணி முடித்து எனக்குப் படிக்கத் தந்திருந்த பகுதிகளை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, குணமணியைப் பார்க்க வேண்டும் என்றார். சிராங்கூன் சாலையில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடையில் மூவரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

"அம்மா, கதை பிரமாதம். நானே போடறேன்" என்றார் பதிப்பாளர்.

ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்த குணமணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு விஷயம். தேக்கா, டுரியான், இதெல்லாம் எங்க ஜனங்களுக்குப் புரியாது. கதைய மதராஸுக்குக் கொண்டுவந்துடுங்க. டுரியான பலாப்பழம் ஆக்கிடலாம். ஒண்ணும் கெட்டுப்போகாது."

"அந்தச் சீன மருத்துவச்சியை என்ன செய்யிறது?"

பதிப்பாளர் யோசித்தார். "ஒரு கன்னடக்காரியா மாத்திடுங்களேன்."

நான் சிரித்துவிட்டேன். குணமணி சிரிக்கவில்லை. சென்னையில் அச்சாகி வந்தால்தான் இங்கே எழுத்தாளர் என்று மதிப்பார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "யோசிச்சுச் சொல்றன்" என்றார்.

அவர் முயன்றும் பார்த்தார். அந்த நாட்களில் இசைத்தட்டு ஓடவில்லை. டுரியான் வியாபாரி, "மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒலி முகம்மதிடம் விசாரித்தான். நான் போய்ப் பார்த்தபோது அறை முழுவதும் தாள்கள் சிதறிக் கிடந்தன. கதையில் தேக்கா சந்தை ஏதோ ஒரு மதராஸ் கடைவீதி ஆகியிருந்தது. அந்த நகரத்தை அவர் கண்ணால் கண்டதில்லை.

"எல்லாம் மாத்திப்போட்டன்" என்றார் களைத்த குரலில். "ஆனா என்ரை பொம்பிளை வாய் திறக்கிறாள் இல்லை. இஞ்சை அவள் எங்கடை ஊர் 'லா'வைப் போட்டு 'சும்மா இரு லா' எண்டால் புருசன்காரன் வாயை மூடுவான். அங்கை என்ன சொல்லுவாள்? எனக்குக் கேக்கேல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ஹலோவும் கேக்கேல்லை."

பதிப்பாளர் கப்பலேறும் நாளன்று காலையில் இருவரும் விடுதிக்குப் போனோம். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்தேல்லை ஐயா. மாத்தவும் மாட்டன்" என்றார் குணமணி.

"அவசரப்படாதீங்கம்மா. அங்க ஆயிரக்கணக்குல வாசகர்கள் இருக்காங்க. இங்க எத்தனை பேர் படிப்பாங்க?"

"உங்கடை ஊர்க் கதையை நாங்கள் சின்ன வயசிலிருந்து வாசிக்கிறம். ஒரு தெருவும் தெரியாது. எங்களுக்கு விளங்கேல்லையா? எங்கடை தெருவும் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் கஷ்டப்படுங்கோவன்."

 பதிப்பாளர் தன்னிடமிருந்த கையெழுத்துப் பிரதியை இரண்டு கைகளாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கோபமில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். சாலையில் இறங்கியதும் குணமணி, "பசிக்குது" என்றார்.

விடுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரவூப்பின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக டிக்கெட் தவிர வேறொன்றும் அச்சடிக்காத இடம். அன்றே அங்கே நுழைந்தோம். பிரதியின் முதல் அத்தியாயத்தை அச்செழுத்துப் பெட்டிமேல் சாய்ந்தபடியே படித்த ரவூப், "காகிதம் நீங்க பாத்துக்குங்க, மிஸ். மத்தத நா பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு முழுப் புத்தகத்துக்கு வேண்டிய ஈய எழுத்துகள் அவரிடம் இல்லை. சில பக்கங்களைக் கோப்பார், அச்சடிப்பார், பிரித்துப்போட்டு அதே எழுத்துகளால் அடுத்த பக்கங்களைக் கோப்பார். குணமணி மிச்ச விடுப்பை அந்த அச்சகத்து பெஞ்சில்தான் கழித்தார். ஒரு பக்கம் பிழை திருத்தும் தாள், இன்னொரு பக்கம் இலையில் கட்டிய மீ கோரிங். கடைசி அத்தியாயத்தையும் அங்கேயே எழுதினார். இயந்திரம் தடதடக்க, அதற்கு ஏற்றபடி காலால் தாளம் போட்டுக்கொண்டு.

ஒருநாள் ரவூப் தலையைச் சொறிந்தபடி வந்தார். "மிஸ், உங்க ஆளுங்க ரொம்பப் பேசுறாங்க லா. மேற்கோள் குறியெல்லாம் தேஞ்சுபோச்சு."

"குறியை விடுங்கோ. ஆர் கதைக்கினம் எண்டு வாசிக்கிறவைக்குக் காதாலை தெரியும்."

அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நாவலின் பிற்பாதியில் ஒரு மேற்கோள் குறிகூட இல்லை. படிக்கிற எவரும் தடுமாறியதாக நான் கேள்விப்படவில்லை. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பிரதி கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில், வெளியூர் அழைப்பில் பேச வந்த யாரோ ஒருவர், "இட்லிக்கடை கதை எழுதினது நீங்கதானாமே?" என்று கேட்டாராம். விதிப்படி "நம்பர் ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னதாகவும், ஆனால் அதை இரண்டு முறை சொல்லவேண்டி வந்ததாகவும் என்னிடம் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு தேக்கா சந்தைக்குப் போனேன். கீரை விற்கும் முத்தாயி, கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மிஸ்ஸு, நம்ம மார்க்கெட்டு புஸ்தகத்துல வந்திருக்காமே! எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க இருக்குன்னு காட்டுங்க, பாத்துக்கறேன்."

குணமணி பையிலிருந்து புதுப் பிரதி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்தார். முத்தாயி, "ஐயோ, கை ஈரம்" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். குணமணி அந்தக் கையை வெளியே எடுத்து, சுட்டுவிரலைப் பிடித்து, 'தேக்கா' என்ற சொல்லின் மேல் வைத்து அழுத்தினார்.