காட்டெருமை என்று எழுதச் சொன்னவர்

அப்பாவின் போனில் மாலதி அக்காவின் எண் வந்தபோது காலை ஆறரை மணி. அது அவர் தினமும் அழைக்கும் நேரம்தான். அவர் கேட்பதற்கு முன்பே, "அசைவு இல்லைங்கக்கா, மழையும் நேத்தைவிடக் கம்மிதான்" என்றேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல், "நான் அவங்க தம்பிங்க" என்றது. நான்கு நாள் காய்ச்சல், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, விடியும் முன் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். 

நம் எஸ்டேட் லைன் வீடுகளில் நீங்கள் எல்லோரும் அவரைச் 'சரிவு டீச்சர்' என்றுதான் கூப்பிட்டீர்கள். அவர் டீச்சர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் ஆராய்ச்சி மாணவி. மண் சரியப் போவதை முன்பே அறிந்து அபாயச் சங்கு ஊதும் கருவியை வடிவமைப்பது அவருடைய ஆராய்ச்சி. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அவர் கோத்தகிரிப் பக்கம் நம் எஸ்டேட்டுக்கு வந்து, லைன் வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் ஓர் இரும்புக் கம்பம் நட்டார். கம்பம் சாய்ந்தால் அதில் உள்ள பெட்டி கண்டுகொள்ளும். கீழே ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் சங்கு அலறும்.

"ஏனுங்க, எப்ப இறங்கும்னு அந்த மண்ணுக்கே தெரியாதுங்களே" என்றார் அப்பா.

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க இந்தக் குளிர்ல வந்து நிக்கறேன்" என்றார் அக்கா.

பனி மூடிய நாட்களில் சூரியத் தகடு சார்ஜ் ஏற்றாது. மிச்ச பேட்டரியில் திரையும் சங்கும் மட்டும்தான் ஓடும், பெட்டி கோவைக்குச் செய்தி அனுப்பாது. அதனால் அவர் கோவையில் இருக்கும்போது நான் கம்பம் வரை ஏறிப்போய், திரையில் தெரியும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அவர் ஆறரைக்கு அழைக்கும்போது சொல்வேன். இந்த வருடம் அவருக்கு இங்கே ஐந்தாவது மழைக்காலம். கருவி வேலை செய்கிறது என்று நிரூபிக்க மண் ஒரு தடவையாவது நகர வேண்டும். அது நகரவே இல்லை. அவருடன் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். "கீழ போனா கல்யாணம் எப்பங்கறாங்க, ஆராய்ச்சி கைடு சார் போன் பண்ணினா சரிவு எப்பங்கறாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மழை வாரம். மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அக்கா எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஜன்னல் வழியே சரிவையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "சரியணும்னு நெனைக்கறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நெனைக்கறேன். உங்க ஊட்டுக் கூரை கண்ணுல பட்டதும் நிறுத்திடறேன். அப்புறம் மறுபடி நெனைக்கறேன்."

போன வருடம் சங்கு அலறிய சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். எதுவும் சரியவில்லை. அதற்குள் பெட்டி அனுப்பிய பதிவைப் பார்த்துவிட்டு கைடு சார் அக்காவுக்குப் போன் செய்தார். "இதுதான் வேணும். மண் நகர்ந்திருக்கு. எழுதி முடிச்சுடும்மா" என்ற அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

விடிந்ததும் அக்காவும் நானும் மேலே போனோம். கம்பம் சாய்ந்திருந்தது. அதில் சேறும் கறுப்பு முடியும் ஒட்டியிருந்தன. சுற்றிலும் பெரிய குளம்படிகள். காட்டெருமை முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. வேறு யாரும் இன்னும் ஏறி வரவில்லை. மழை மறுபடியும் தூறத் தொடங்கியது; அரை மணி நேரத்தில் அந்தத் தடங்கள் அழிந்துவிடும். நோட்டும் பேனாவும் என் கையில் இருந்தன.

"மண்ணு அசைஞ்சதுன்னு எழுதட்டுங்களாக்கா?" என்றேன். அவர் எப்படியாவது இங்கிருந்து விடுபட வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன்.

அவர் கம்பத்தில் ஒட்டியிருந்த முடியைப் பிய்த்து எடுத்தார். "எழுதினா எனக்குப் பட்டம் வந்துரும். மண்ணுக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாத இந்தப் பெட்டியை நம்பி நீ தூங்குவே" என்றார். பிறகு, "காட்டெருமைன்னு எழுது" என்றார். எழுதினேன்.

கீழே வந்து அவரே எல்லோரிடமும் சொன்னார். "எருமைக்கு முதுகு அரிச்சதுக்கு எங்களை நனைய வெச்சுட்டீங்களே டீச்சர்" என்றார் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அத்தை. அக்காவும் சிரித்தார். அன்று மத்தியானமே புதிய வரைபடம் போட உட்கார்ந்தார். தள்ளி இன்னொரு கம்பம் நட வேண்டும்; இனி இரண்டும் ஒன்றாகச் சாய்ந்தால்தான் சங்கு ஊதும். அதைச் செய்து நட்டுச் சோதிக்க இன்னும் ஒரு மழைக்காலம் வேண்டியிருந்தது. அந்த மழைக்காலம்தான் இது.

பெட்டிகளைக் கழற்றி எடுத்துப்போக வரலாமா என்று அவர் தம்பி கேட்டார். "இருக்கட்டுங்க, மழை முடியட்டும்" என்றார் அப்பா.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பேனாவும் அவருடையதுதான். இன்று காலையும் ஏறிப்போய் இரண்டு கம்பங்களையும் பார்த்து, 'அசைவு இல்லை' என்று எழுதினேன். அக்கா இங்கே அடைபட்டுக் கிடந்த ஐந்து மழைக்காலமும் நாம் நம் வீடுகளில் தூங்கி எழுந்தோம். எழுதியதைச் சொல்வதற்கு ஆறரை மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். பிறகு, பக்கத்தில் நின்ற அப்பாவிடம் சொன்னேன்.