ஆட்டுக் கொட்டகைக்கு நாலு வாசல்

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறவில்லை. வேன் வழக்கம்போல வேப்பமரத்தடியில் வந்து நின்று ஹாரன் அடித்தது. தெருப் பெண்கள் எல்லோரும் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் வீட்டு வாசலில் நின்றபடி, "நீங்க போங்க, நான் வரல. இனிமே எந்தக் கம்பெனி வேன்லயும் ஏற மாட்டேன். என் பிள்ள மேல சத்தியம்" என்றாள். அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான். என் தலையில் கை வைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு ஆடு வளர்க்க ஆசை. சாத்தூர் போகிற வழியில், வீட்டை ஒட்டியே எங்களுக்குக் கரிசல் காடு கிடந்தது. கருவேலம் முள்ளைத் தவிர வேறு எதுவும் அங்கே விளைந்து நான் பார்த்ததில்லை. அதில் பெரிய செட்டு ஒன்று போட்டு, ஆடு வாங்கி விட்டு, குட்டி பெருக்கி விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரல் இடுக்கில் வெள்ளி நிறத்தில் வெடிமருந்துப் பொடி ஒட்டிக்கொண்டே இருக்கும். "மருந்து வாடை இல்லாத கையால உனக்கு ஒரு வாய் சோறு ஊட்டணும் தாயி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்துவிடும். எனக்கோ அந்த வாடைதான் அம்மா வாடை, அதனால் அவள் எதற்கு அழுகிறாள் என்று விளங்காது.

அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆடு விஷயத்துக்கு ஒரு முழு நாள் சும்மா இருந்தார். பிறகு, "ஆடு வாங்கு. செட்ட நான் போடுறேன்" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மனுசன் வேண்டாம் என்று சொல்லாததே பெரிது என்று நினைத்துவிட்டாள். எங்களைப் பிடித்த சனி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கோழிப் பண்ணை, கல்யாண மண்டபம் என்று எத்தனையோ கூரை போட்டவர். அவர் பழைய காலண்டர் ஒன்றின் பின்பக்கம் அழகாகப் பிளான் வரைந்து கொண்டுவந்தார். நீளமான செட்டு, மேலே தகரம், கிழக்கே பார்த்து ஒரே வாசல், அதற்குத் திண்டுக்கல் பூட்டு. காலண்டரின் முன்பக்கம் முருகன் இருந்ததால் பிளானைத் தரையில் விரிக்க அம்மா சம்மதிக்கவில்லை. யாராவது ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். எதிர்ப் பக்கம் நிற்கிற கொத்தனாருக்கு முருகன்தான் தெரிவார். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுற்றி வந்து பிளானைப் பார்ப்பார்.

அப்பா பார்த்துவிட்டு, "நாலு வாசல் வையி மாப்ள" என்றார்.

"நாலா? எதுக்கு அத்தான்?"

"பக்கத்துக்கு ஒண்ணு. கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும். உள்ள இருந்து தோளக் குடுத்துத் தள்ளுனாத் தொறந்துரணும். பூட்டு, கொண்டி, நாதாங்கி ஒண்ணும் ஆகாது. வாசப்படியும் வேண்டாம், கால் தட்டும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முருகனைப் பார்த்தாள்.

"அத்தான், ஆடு வெளிய போயிரக் கூடாதுன்னுதான கொட்டகையே போடுறோம்" என்றார் மாமா, குழந்தைக்குச் சொல்வதுபோல.

"உள்ள இருக்கிறது எதுவா இருந்தாலும் வெளிய வரணும் மாப்ள" என்றார் அப்பா.

கம்பெனியில் மருந்து அடைக்கிற அறைகள் அப்படித்தான் இருக்கும். வேலையில் ஊறிப்போய் ஆட்டுக்கும் அதே கணக்கைப் போடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. எதிர்த்துப் பேசினால் 'அப்ப வேன்ல ஏறு' என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

அடுத்த சண்டை இடம் பார்ப்பதில் வந்தது. ராத்திரி குட்டி கத்தினால் காதில் விழ வேண்டும், வீட்டை ஒட்டிப் போடுங்கள் என்றாள் அம்மா. அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்தார், நடந்தார், காட்டின் அந்தக் கடைசிக்கே போய் அங்கே முளை அடித்தார். "அத்தான், இங்கன ஆட்டக் கட்டிட்டுச் சோறு திங்க வீட்டுக்கு பஸ்லயா போகணும்?" என்று மாமா கேட்டார். அப்பா முளையை இன்னும் இரண்டு அடி அடித்து இறுக்கினார்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் கூத்து. காட்டின் எல்லையில் ஒரு பனை அடிமரம் உண்டு. அங்கே அப்பா நின்றுகொண்டு உள்ளே வருகிற ஒவ்வொருவர் மடியையும் தடவிப் பார்த்து பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துவிடுவார். சாயங்காலம் போகும்போதுதான் திருப்பிக் கொடுப்பார். கல்லும் மண்ணும் கிடக்கிற வெறுங்காட்டில் எது பற்றிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியவில்லை. சுற்றியிருக்கிற ஊரெல்லாம் தீப்பெட்டி செய்கிற ஊர். அதற்கு நடுவில் ஒரே ஒரு குச்சிக்காகக் கொத்தனார் கெஞ்சியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "பீடிக்கு ஆகாதுன்னா வெல்டிங்குக்கு மட்டும் ஆகுமா அத்தான்? அதுல பொறி பறக்குமே" என்று மாமா குத்தலாகக் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது. அப்பா யோசித்துவிட்டு, வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்து, இங்கே கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கச் சொல்லிவிட்டார். மாமா அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா தேநீரை வீட்டிலேயே போட்டு அந்தக் காடு முழுக்கத் தூக்கி வருவதற்குள் அது மோர்போல் ஆறிவிடும்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகளுக்கு நான்தான் பொறுப்பு. கோழி வந்து கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லப் போக, 'வாளி' என்று எனக்குப் பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம்.

எப்படியோ செட்டு எழும்பிவிட்டது. ஊரில் அவ்வளவு பெரிய கூரை பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கிடையாது. தகரம் வெயிலில் பளபளத்தது. நாலு பக்கமும் நாலு பச்சைக் கதவு. பார்க்க வந்தவர்கள் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வந்து, "அம்புட்டுத்தானா? உள்ள போன மாதிரியே இல்லையே" என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆடுகள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். செட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்க அப்பா விடாததால், வீட்டில் காய்ச்சிய பாலைத் தூக்கி வந்து ஆளுக்கு ஒரு மடக்கு ஆறிய பால் கொடுத்தோம். ஆடுகளை உள்ளே விட்டு நாலு கதவையும் சாத்தினார்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் பொட்டு வைக்க நான் உள்ளே நின்றேன். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

எங்கள் பக்கத்தில் வெடி போடாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. காது குத்தானாலும் வெடி, கடை திறந்தாலும் வெடி. மாமா பெரிய சரம் ஒன்று கொண்டுவந்திருந்தார். ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா சரி என்றார். மாமாவும் ரோட்டை நோக்கித்தான் நடந்தார். பாதி வழியில், "அம்புட்டுத் தூரத்துல வச்சா ஆருக்குக் கேக்கும்" என்று அவருக்கே தோன்றிவிட்டது. திரும்பி வந்து செட்டுக்குப் பக்கத்திலேயே விரித்துப் பற்றவைத்துவிட்டார்.

முதல் வெடிக்கு ஆடுகள் ஒன்றையொன்று பார்த்தன. இரண்டாவது வெடிக்கு எதையும் பார்க்கவில்லை. கிழக்குக் கதவில் நாலு, மேற்கில் ஆறு, வடக்கிலும் தெற்கிலும் மிச்சம் என்று பிரிந்துபோய் முட்டின. அப்பாவின் கதவுகள் சொன்ன சொல் தவறாமல் படீரென்று திறந்துகொண்டன. ஒரு கிடாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருந்த நான் தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தேன். நானாக வந்தேன் என்று சொல்ல முடியாது. சரம் வெடித்து முடிப்பதற்குள் செட்டில் ஒரு புழுக்கைகூட மிச்சமில்லை.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா பட்டுச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஊரே ஆட்டின் பின்னால் ஓடியது. அப்பா மட்டும் அசையாமல் நின்று, ஆடிக்கொண்டிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த அப்பாவை யாருக்காவது தத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஆடுகளைப் பிடித்துவிட்டோம். பருத்திக் காட்டில் சில, ஓடைக்குள் சில. இரண்டு ஆடுகள் சிவகாசியிலிருந்து திரும்பிய கம்பெனி வேனை மறித்து நின்றிருந்தன. வேனில் இருந்த பெண்கள் இறங்கி வந்து, "ஏ, போர்மேன் வீட்டு ஆடுதான் இது. நல்லாத்தான் பழக்கிருக்காரு, ஒண்ணுகூட உள்ள மாட்டலையே" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கிடாய் மட்டும் நேராகக் கருப்பசாமி கோயிலுக்குப் போய்ச் சாமி முன்னால் படுத்துவிட்டது. தானாக வந்த கிடாய் சாமிக்குத்தான் என்று பூசாரி பிடிவாதமாகச் சொன்னார். அம்மா சாமியிடமே நேராகப் பேசினாள். "இன்னைக்குத்தான் எறக்குனேன் கருப்பா, ஒரு ராத்திரிகூட என் வீட்டுல நிக்கல. அடுத்த வருசம் நானே கொண்டாந்து விடுறேன், இப்ப விட்டுரு" என்றாள். பூசாரி கொஞ்சம் முறைத்தார். கருப்பசாமி ஒன்றும் சொல்லவில்லை. கிடாயை ஓட்டி வந்துவிட்டோம்.

ஆடுகளை மரத்தில் கட்டிய பிறகு மாமா கொதித்தார். "நாளைக்கே மூணு வாசலையும் செங்கல் வச்சு அடைக்கிறேன் அத்தான்."

"ஒரு வாசலையும் தொடக் கூடாது" என்றார் அப்பா. "வேணும்னா உள்ளுக்குள்ள மூங்கிப் பட்டி அடிச்சு ஆட்ட அதுக்குள்ள விடு. ஆடு இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். செட்டு இங்கனதான் நிக்கும்."

அம்மா உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா உங்க வாயில என்ன வார்த்த வருது? இந்த ஆட்ட நம்பித்தான நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள். மாமா தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா நாலு கதவையும் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "எந்திரி. செட்டுக்குள்ள போயி நடுவுல உக்காரு" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா உக்காரு. நான் கை தட்டுனதும் வெளிய வா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா வெளியிலிருந்து கை தட்டினார். அம்மா மெதுவாக எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, நுழைந்த வாசல் வழியாகவே வந்தாள்.

"இப்பிடியா வர்றது? சேலையச் சரிபண்ணவா நேரமிருக்கு? வந்த வாசலத் தேடாத. கிட்ட எது இருக்கோ அதுல வா. மறுபடி போ."

மறுபடி போனோம். மறுபடி கை தட்டினார். இடம் மாற்றி உட்காரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த மனுசனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மூச்சிரைக்க ஓடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா எங்களோடு விளையாடியது அதுதான் முதல் தடவை. எல்லா ஆட்டத்திலும் நான்தான் முதலில் வெளியே வந்தேன். அப்பா அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று ராத்திரி சாப்பிடும்போது அவரோடு நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கருப்பசாமிக்குச் சொன்ன கிடாயைத் தவிர மற்றதெல்லாம் சந்தைக்குப் போய்விட்டது. அம்மா சத்தியத்தை மீறவில்லை, வேனில் ஏறவே இல்லை. வேலைதான் அவளைத் தேடி செட்டுக்கு வந்தது. பட்டாசுக்கு வைக்கிற திரியைக் கட்டுக்கட்டாக இறக்கி வெட்டிக் கொடுக்கிற ஆர்டர் ஒன்றை மாமாவே ஒரு சீசனில் பிடித்து வந்தார். அப்பா கத்திப் பார்த்தார். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கடைசியில், நாலு பேருக்கு மேல் உள்ளே உட்காரக் கூடாது, வாசலுக்கு ஒருவர்தான் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனார்.

செட்டில் திரி பற்றிக்கொண்ட மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சத்தம் அங்கே வரை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது கூரைத் தகரமெல்லாம் கருவேலங்காட்டில் கிடந்தது. அம்மாவும் மற்ற மூன்று பெண்களும் பனை அடிமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. கம்பெனியிலிருந்து ஓடி வந்த அப்பா அவர்களை நாலு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆன பிறகு இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தனை பெரிய சத்தத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் கட்டாயம் பேப்பரில் வந்திருக்கும் என்று மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்கு ஓடினேன். எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. எனக்கு ரொம்ப ஏமாற்றமாக இருந்தது.