ஸ்பேமில் கிடந்த பஸ் மனு

எங்கள் ஊருக்குக் காலையில் வந்துகொண்டிருந்த காஞ்சிபுரம் பஸ்ஸை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் இல்லை என்றார் ஒருவர், கலெக்‌ஷன் இல்லை என்றார் இன்னொருவர். பெரும்பாலோரிடம் பைக் இருந்ததால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டது என் அண்ணன் மகள்தான். காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த பஸ்ஸை விட்டால் மெயின் ரோடு வரைக்கும் ஏரிக்கரை மேலேயே நடக்க வேண்டும். கரை நெடுக சீமைக்கருவேலம், ஆள் நடமாட்டம் கிடையாது.

எனக்கு உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடை. ஊருக்கே மனு அடித்துக் கொடுப்பவன் நான்தான். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டபோது மெயிலில் அனுப்புங்கள், பதிவில் இருக்கும் என்றார்கள். எங்கள் ஊர் நலச் சங்கத்துக்கு ஊர் பெயரிலேயே ஒரு இணையதளமும் மெயில் முகவரியும் உண்டு. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் காசு போட்டு வாங்கியது. பொங்கல் போட்டி போட்டோக்களை ஏற்றுவதைத் தவிர அதை வேறெதற்கும் பயன்படுத்தியதில்லை. இப்போதாவது உதவட்டுமே என்றார்கள்.

மனு கொடுப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் எங்களுக்குத் திருப்தி வராது. வீட்டுக்கு ஒரு மனு. வாசகம் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். கட்டு கனமாக இருந்தால்தான் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் என்பது எங்கள் கணக்கு. மெயிலிலும் அதையே செய்தோம். என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சங்க முகவரியிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பெயரிலும் அண்ணன் மகளே அனுப்பினாள். "என் வூட்டுது போச்சா பாரும்மா" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொருவரும் நகர்ந்தார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், மறுநாளே பஸ் வந்து நிற்கும் என்பதுபோல் இருந்தாள்.

பதில் வரவில்லை. வாரம் ஒருமுறை கடைக்கு வந்து நினைவூட்டல் அனுப்பினாள். அண்ணன் கொஞ்ச நாள் பைக்கில் கொண்டுபோய் விட்டார். நடவு ஆரம்பித்ததும் அவரால் முடியவில்லை. அண்ணி அவளை ஏரிக்கரையில் தனியாக அனுப்ப மறுத்தார். லீவு மேல் லீவு போட்டு, அட்டெண்டன்ஸ் குறைந்து, கடைசியில் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"சும்மா வூட்ல குந்திக்கினு கீது. நல்ல எடமா வருதுடா, குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார் அண்ணன்.

"பஸ் வந்துடும்ணா, கொஞ்சம் பொறு."

"இன்னாடா பொறு பொறுன்னு. பொறுத்துக்கினு தான கீறேன்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை வாலாஜாபாத் பக்கம், ரைஸ் மில்லில் சூப்பர்வைசர், தங்கமான பையன். கல்யாணம் நன்றாகவே நடந்தது. சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஒரு ஊரே எழுதியிருக்கிறது, ஒரு வரி பதில் போட உங்களுக்குக் கை வலிக்கிறதா என்று கத்தினேன். அங்கிருந்தவர் என்னை உட்காரச் சொன்னார். "வந்திருந்தா நம்பர் போட்டிருப்போம் சார்" என்றவர், எதையோ யோசித்து ஸ்பேம் பெட்டியைத் திறந்தார்.

அங்கே கிடந்தன. லாட்டரிப் பரிசு, முடி வளரும் தைலம், இவற்றுக்கு நடுவில் எங்கள் ஊர். பழையதெல்லாம் தானாகவே அழிந்துபோயிருந்தது. கடைசி சில மட்டும் மிச்சம். எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்திருந்தது பெண் அழைப்புக்கு முதல் நாள் அனுப்பியது. நலங்கு வைத்த கையோடு போனிலிருந்து அனுப்பியிருக்கிறாள். 'கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளின் நலன் கருதி' என்ற அதே மனு. சண்டை போட அங்கே ஆளில்லாமல் போய்விட்டது.

எங்களுக்கு இணையதளத்தை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பேசிய பையன் பொறுமையாகச் சொன்னான். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்று ஒரு பதிவு இருக்க வேண்டுமாம், அது எஸ்பிஎஃப். போகிற மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து ஒன்று இருக்க வேண்டுமாம், அது டிகிம். இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்ல டிமார்க் என்று இன்னொன்று. "உங்களுக்கு மூணுமே இல்ல சார். அனுப்பினது நீங்கதானான்னு அந்தப் பக்கம் தெரியாது. அதுமேல ஒரே மேட்டர வரிசையா அனுப்பினீங்கன்னா, டுபாக்கூர்னு ஒதுக்கிடும்."

கட்டு கனமாக இருக்கட்டும் என்றுதானே அனுப்பினோம் என்று அவனிடம் சொல்லவில்லை. அவன் சொல்லச் சொல்ல நானே மூன்று பதிவுகளையும் சேர்த்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவு சின்ன வேலைக்காகவா அவள் படிப்பு நின்றுபோனது.

இந்த முறை ஒரே ஒரு மனு அனுப்பினேன். பதில் வந்தது, மனுவுக்கு எண் போட்டிருந்தார்கள். சில வாரங்களில் பஸ்ஸும் வந்தது. ஊரே திரண்டு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பியது. அண்ணன் மட்டும் வரவில்லை, கழனிக்குப் போய்விட்டார்.

அவளுக்குப் போன் செய்தேன். "பஸ் வுட்டுட்டாங்கம்மா."

"யார் யாரு ஏறனாங்க சித்தப்பா?" என்றாள்.

"மேட்டுத் தெரு பொண்ணுங்க ரெண்டு பேரு. பிளஸ் டூ முடிச்சிட்டு இப்பதான் காலேஜ் சேந்துகீதுங்க."

"அதுங்க வூட்ல போயி நீ சொல்லு சித்தப்பா. படிச்சி முடிக்கங்காட்டியும் மாப்ள பாக்க வேணாம்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே மேட்டுத் தெருவுக்குப் போனேன்.