ஒலிவேரின் பெயரில் வீசிய பந்து

எங்கள் கரும்பாலைக் குடியிருப்பிலிருந்து அமெரிக்காவின் பெரிய லீக்குக்குப் போன ஒரே பேஸ்பால் வீச்சாளன் டனெல்வி. ஆலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஆறு வருடம் அவன் வீசினான், நான் பிடித்தேன். பெருமையாகச் சொல்ல வேண்டிய கதை. ஆனால் சொல்லத் தொடங்கினாலே என் வாயில் கசப்பு ஊறுகிறது.

பத்தொன்பது வயதில் அவன் பந்து தீயாய் வந்தது. என்ன பயன்? அமெரிக்க அணிகளுக்கு ஆள் பார்க்க வருகிறவர்களுக்குப் பதினாறு வயதுப் பையன் வேண்டும். பத்தொன்பது என்றால் கிழவன். அந்தச் சமயத்தில்தான் அவன் தம்பி, பதினாறே வயதான ஒலிவேர், டெங்குக் காய்ச்சலில் போனான்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தோம். பையன்களைப் பழக்கி அணிகளுக்குத் தள்ளிவிடும், ஊரே 'தோன்' என்று மரியாதையாக அழைக்கும் எலீஹியோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மிலேதிஸின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாவைப் பதிஞ்சாச்சா?"

"எங்க தோன், அதுக்கெல்லாம் யாருக்குத் தெம்பு இருக்கு?"

"பதியவே வேணாம். ஒலிவேரோட பிறப்புப் பத்திரத்தை எங்கிட்ட குடு. இனிமே டனெல்விதான் ஒலிவேர். செத்தது பெரியவன்."

பொரித்த பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே சொன்னார். எண்ணெய் தாடையில் வழிந்தது. அந்தத் தாய் பெரிய மகனைப் பார்த்தாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"அம்மா, பெரிய லீக்ல முதல் பந்து வீசுற அன்னிக்கு நானே உண்மையைச் சொல்லிடுவேன். சத்தியம்."

லீக்கிலிருந்து விசாரிக்க வந்தவர் என்னிடம்தான் முதலில் கேட்டார். "இவன்தான் ஒலிவேர். அண்ணன் செத்துட்டான் சார்" என்றேன். தோன் எனக்கு பந்து பிடிக்கும் புதுக் கையுறை ஒன்று தந்தார். வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டுப் பூசையிலும் இறந்தவர்கள் பட்டியலில் உயிரோடிருப்பவன் பெயரே வாசிக்கப்பட்டது. "டனெல்வி" என்பார் கோவில் ஊழியரான கோவில்பிள்ளை. "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று நாங்கள் கூசாமல் பதில் சொல்வோம். மிலேதிஸுக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது பீடத்தின் முன் தன் சின்னவன் பெயர் சொல்லப்பட்டு, ஊர் அவனுக்காக ஜெபிக்க வேண்டும்.

பயிற்சி முகாம், குளிரில் விறைக்கும் சின்ன ஊர்கள், முதுகொடியும் பஸ் பயணங்கள் என்று ஐந்து வருடம் போயின. பெரிய அணி அவனை அழைத்தது. முதல் ஆட்டம், ஒலிவேரின் ஆண்டுப் பூசை நடந்த அதே ஞாயிறு மாலை. காலையில் அவனிடமிருந்து போன் வந்தபோது நான் மிலேதிஸ் வீட்டில்தான் இருந்தேன்.

"இன்னிக்குச் சொல்லிடுவியா, கண்ணு?"

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா. இப்ப சொன்னா எல்லாம் போச்சு."

"அவனுக்கு ஒரே ஒரு ஜெபம்டா."

"செத்தவன் காத்திருப்பாம்மா."

மாலையில் கோவில்பிள்ளை வழக்கம்போல "டனெல்வி" என்றார். மிலேதிஸ் எழுந்தாள்.

"இல்ல. ஒலிவேர். செத்தது என் சின்னவன் ஒலிவேர்!"

தோன் எலீஹியோ முன்வரிசையிலிருந்து திரும்பினார். "என்னம்மா, வெயில்ல மூளை குழம்பிடுச்சா? உக்காரு." யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம். அதே நொடியில் எதிர்க்கடைத் தொலைக்காட்சியின் முன் கூட்டம் வெடித்தது. டனெல்வி முதல் மட்டையாளனை வெளியேற்றிவிட்டான். "ஒலிவேர்! ஒலிவேர்!" என்று ஊரே கத்தியது. கோவிலுக்குள்ளேயே சிலர் எத்தனை புள்ளி என்று கழுத்தை நீட்டினார்கள்.

மறுநாள் அவள் மோட்டார் சைக்கிள் வாடகைக்குப் பிடித்துப் பதிவு அலுவலகம் போய், ஒலிவேரின் சாவை எழுதிக்கொடுத்தாள். விஷயம் லீக்குக்கு எட்டியது. டனெல்வியின் பெரிய லீக் வாழ்க்கை மொத்தம் ஒன்பது நாள்.

பிறகு ஊர் செய்ததை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. கடைக்காரன் அவளுக்கு ஐஸ்கட்டி தர மறுத்தான். அவள் வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள். திரும்பி வந்த டனெல்வி அவளோடு பேசவில்லை. தோன் எலீஹியோவோ வேறொரு பையனின் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டுப் பூசை. கோவில்பிள்ளை தொண்டையைச் செருமினார். "ஒலிவேர்."

எல்லோரும் தரையைப் பார்த்தோம். பிறகு, கடைசி வரிசையிலிருந்து உடைந்த ஒற்றைக் குரல்.

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."

டனெல்வி. மிலேதிஸ் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

அவன் தொடங்கிய பிறகுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்தோம், எவ்வளவு பக்தியாக! நானும் சொன்னேன். என் குரல் எனக்கே குமட்டியது.